யாரிடமும் சொல்லாதே என்றால், உடனே சொல்லுங்கள்

இணைய மோசடிகளில் பெரும்பாலானவற்றில் யாரும் வங்கியின் பூட்டை உடைப்பதில்லை. பணத்துக்குச் சொந்தக்காரரே தன் போனில், தன் ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிவைக்கிறார். 2024-ஆம் ஆண்டில் மட்டும் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அது 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

படித்தவர், படிக்காதவர், நெசவாளி, டாக்டர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று எல்லோரும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஆசை காட்டுவார்கள், இன்னொருவருக்குப் பயம் காட்டுவார்கள். வேஷம் எதுவானாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான். யோசிக்க நேரம் இருக்கக் கூடாது, கலந்து பேச ஆள் இருக்கக் கூடாது. ‘இன்னும் அரை மணி நேரத்தில்’ என்பது முதலாவது. ‘வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது’ என்பது இரண்டாவது. இந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்று காதில் விழுந்தாலே, எதிர்முனையில் இருப்பவர் யாராக இருந்தாலும் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூர், கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் பெயர்பெற்ற பகுதி. இதுபோன்ற நெசவுப் பகுதிகளில் இன்று ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, கூலி ஜிபேயில் ஏறுகிறது, மகளிர் குழுத் தவணைக்கான நினைவூட்டல் எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. பல வீடுகளில் அப்பாவின் வியாபாரமும் பிள்ளையின் படிப்பும் ஒரே போனில்தான் நடக்கின்றன. அந்தப் போனுக்குள் நுழைய மோசடிக்காரர்கள் எடுக்கும் வழிகளை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வது, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதைப் போன்ற அன்றாடத் தேவையாகிவிட்டது.

தபால் காலத்திலிருந்தே

முகம் தெரியாதவருக்குக் கடிதம் எழுதிப் பணம் பறிப்பது இணையத்தோடு பிறந்த பழக்கமில்லை. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் ஒரு செல்வந்தர் அடைபட்டிருக்கிறார், அவரை மீட்கப் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு உண்டு என்ற கடிதங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் சுற்றின. அதே கதை பின்னாளில் நைஜீரியாவிலிருந்து மின்னஞ்சலாக வந்தது. இறந்துபோன பணக்காரரின் கோடிகளை மாற்ற உங்கள் வங்கிக் கணக்கு வேண்டும், முதலில் ‘செயலாக்கக் கட்டணம்’ கட்டுங்கள் என்பார்கள். அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் மோசடிப் பிரிவு எண்ணான 419 என்பதே இந்தவகை ஏமாற்றுக்குப் பெயராகிவிட்டது. ‘உங்கள் நம்பருக்கு 25 லட்சம் லாட்டரி விழுந்திருக்கிறது’ என்று டிவி நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் செய்தியும் இதே குடும்பம்தான். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. பரிசுப் பணத்தைத் தர முன்பணம் கேட்பவர் எவரும் பரிசு தரப்போவதில்லை.

ஆர்டர் என்ற பெயரில்

சிறு வியாபாரிகளைக் குறிவைக்கும் மோசடிகளில் முக்கியமானது, ராணுவ அதிகாரி வேஷம். போன் செய்பவர் தன்னை முகாம் அதிகாரி என்று அறிமுகப்படுத்திக்கொள்வார். சீருடையில் எடுத்த படத்தையும் அடையாள அட்டையையும் அனுப்புவார். 200 துண்டு, 100 வேட்டி என்று மொத்தமாக ஆர்டர் தருவார். விலையில் பேரமே பேசமாட்டார். சரக்கு தயாரானதும், ‘ராணுவக் கணக்கிலிருந்து பணம் வருவதற்கு ஒரு முறை இருக்கிறது’ என்று சொல்லி ஒரு கியூஆர் கோடை அனுப்புவார். ‘ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்க, பணம் உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துடும்’ என்பார். போட்டதும் வியாபாரியின் கணக்கிலிருந்து பணம் போகும். ‘ஏதோ தப்பாயிடுச்சு, திரும்பப் போடுங்க, ரெண்டும் சேர்ந்து வந்துடும்’ என்பார். இரண்டாவது முறையும் போகும்.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று. யுபிஐயில் பணம் வருவதற்கு ‘பின்’ என்ற ரகசிய எண் தேவையில்லை. ஒருவர் அனுப்பும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து அந்த ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வெளியே போகும், உள்ளே வராது. தனிநபர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பணம் ‘கேட்கும்’ வசதியே இந்த மோசடிக்கு அதிகம் பயன்பட்டதால், 2025 அக்டோபர் 1 முதல் அதைத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் நிறுத்தியது. கியூஆர் கோடு வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. சரக்கு வாங்க வந்தவர் ‘பணம் போட்டாச்சு’ என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுவார். அப்படிப்பட்ட படத்தைப் போலியாக உருவாக்கும் செயலிகள் இருக்கின்றன. பணம் வந்ததா என்பதைத் தன் வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே சரக்கைக் கொடுக்க வேண்டும். வங்கியிலிருந்து வந்தது போன்ற எஸ்எம்எஸ்ஸைக்கூட நம்பிவிடக் கூடாது.

கரண்ட் கட் ஆகும்

‘போன மாத பில் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்ற எஸ்எம்எஸ் 2022-இல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மின்வாரியமும் காவல்துறையும் எச்சரிக்கை விட்டன. தறி ஓட்டும் வீட்டுக்குக் கரண்ட் போகும் என்ற செய்தி எவ்வளவு பயத்தைத் தரும் என்பது, அதை எழுதியவர்களுக்குத் தெரியும்.

செய்தியில் இருக்கும் எண்ணை அழைத்தால், பில் கட்டியதைச் சரிபார்க்க ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அது தொலைவிலிருந்து போனின் திரையைப் பார்க்க உதவும் செயலி. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை முறையான வேலைக்காக உருவாக்கப்பட்டவை. மோசடிக்காரர்கள் அவற்றைத் தங்கள் வேலைக்குத் திருப்பிக்கொள்கிறார்கள். பிறகு ‘10 ரூபாய் மட்டும் கட்டுங்கள்’ என்பார்கள். அந்த 10 ரூபாயைக் கட்டும்போது தட்டப்படும் எண்களும் வரும் ஓடிபியும் அவர்கள் கண்ணில் பட்டுவிடும்.

இதன் அடுத்த வடிவம் ஏபிகே கோப்பு. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு, வங்கியின் கேஒய்சி படிவம், விவசாயிகள் உதவித்தொகைப் பட்டியல் என்று ஏதாவதொரு பெயரில் வாட்ஸ்அப்பில் வரும். பெயரின் கடைசியில் ‘ஏபிகே’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது படமோ படிவமோ இல்லை, போனில் நிறுவப்படும் செயலி. அனுமதி கொடுத்துவிட்டால் எஸ்எம்எஸ்களைப் படிக்கும், ஓடிபிக்களை வெளியே அனுப்பும், போனில் உள்ள எல்லா எண்களுக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொள்ளும். அதனால்தான் இது தெரிந்தவரின் எண்ணிலிருந்தே வருகிறது. சொந்த மாமா அனுப்பியிருந்தாலும் அவருக்குப் போன் செய்து, ‘நீங்கதான் அனுப்பினீங்களா மாமா?’ என்று கேட்ட பிறகே தொட வேண்டும்.

சிறு லாபம் காட்டி

வேலை தேடும் இளைஞர்களையும் வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்க நினைக்கும் பெண்களையும் பிடிக்க வருவது ‘பகுதிநேர வேலை’. யூடியூபில் லைக் போட்டால் 50 ரூபாய், ஹோட்டலுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தால் 100 ரூபாய். முதல் இரண்டு நாள் பணம் உண்மையாகவே வரும். அந்தச் சில நூறு ரூபாய்தான் மோசடிக்காரரின் முதலீடு. பிறகு டெலிகிராம் குழுவில் சேர்த்து, ‘1,000 கட்டினால் 1,300’ என்று தொடங்கி லட்சங்களுக்குக் கொண்டுபோவார்கள். திரையில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் வரி கட்டு, அபராதம் கட்டு என்பார்கள்.

கையில் சேமிப்பு இருப்பவர்களுக்கு இதே வலை பங்குச்சந்தை வடிவில் வருகிறது. பிரபலங்களின் போலி வீடியோவுடன் விளம்பரம், வாட்ஸ்அப் குழு, அதில் ‘சாரின் டிப்ஸ்ல இன்னிக்கு 40,000 லாபம்’ என்று எழுதும் நூறு பேர். அந்த நூறு பேரும் ஒரே கும்பலின் ஆட்களாக இருக்கலாம். பணத்தை வாங்கும் ஆலோசகருக்குப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பதிவு எண் உண்டா என்பதைச் செபியின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். முதலீட்டுப் பணத்தைத் தனிநபர் கணக்குக்கோ, நாளுக்கொரு புதுக் கணக்குக்கோ அனுப்பச் சொன்னால் அது மோசடியேதான். பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகளில் பணத்தைக் கொட்டி 2012-இல் ஏமாந்த குடும்பங்களுக்காவது புகார் கொடுக்கப் போவதற்கு ஓர் அலுவலகமும் ஒரு முகமும் இருந்தன. இந்தக் குழுக்களில் அதுவும் கிடையாது.

கடன் செயலிகள் தேவையில் இருப்பவரைப் பிடிக்கின்றன. பத்தே நிமிடத்தில் 5,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, போனிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் இரட்டிப்பாகக் கேட்பார்கள். தரத் தாமதமானால் படத்தை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவதாக மிரட்டுவார்கள். கடன் கொடுக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரைச் செயலி சொல்லியே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டல் வந்தால் மறைக்காமல் போலீஸில் சொல்வதுதான் பாதுகாப்பு. பணம் கட்டக் கட்ட மிரட்டல் கூடுமே தவிரக் குறையாது.

டிஜிட்டல் கைது

பயத்தின் உச்சம் இந்த மோசடி. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதாரை வைத்துத் திறந்த கணக்கில் கறுப்புப் பணம் வந்தது என்று போன் வரும். அடுத்து வீடியோ அழைப்பில் சீருடை அணிந்தவர், பின்னால் காவல் நிலையம் போன்ற அமைப்பு. ‘நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது’ என்பார்கள். நேரத்தையும் துணையையும் ஒரே அழைப்பில் பறித்துவிடுகிறார்கள்.

2024 ஆகஸ்டில் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 82 வயதில், இந்த வலையில் 7 கோடி ரூபாயை இழந்தார். அவருக்காகப் போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்தினார்கள். தலைமை நீதிபதி என்ற பெயரில் ஒருவர் பேசினார். நாட்டின் பெரிய நூற்பாலை அதிபர் ஒருவரை இப்படிக் கட்டிப்போட முடியும் என்றால், ஏமாந்தவரைப் பார்த்து ‘இவ்வளவு விவரமில்லாமலா இருப்பது’ என்று கேட்பதில் நியாயமில்லை. அவர் புகார் கொடுத்தார், 5 கோடி ரூபாய்க்கு மேல் மீட்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 27-இல் பிரதமர் தன் ‘மன் கி பாத்’ வானொலி உரையில் இது பற்றி எச்சரித்தார். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த மோசடியைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, டிசம்பரில் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. போலீஸோ, சிபிஐயோ, சுங்கத்துறையோ, நீதிமன்றமோ வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்வதில்லை. ‘சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம்’ என்று யாருடைய பணத்தையும் கேட்பதுமில்லை. போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னால் போதும், இந்த நாடகம் கலைந்துவிடும்.

மின்னஞ்சலைப் படிக்கும் முறை

மின்னஞ்சலில் தெரியும் பெயரை அனுப்புபவர் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ள முடியும். பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரியைப் பார்க்க வேண்டும். அரசு அலுவலகமோ வங்கியோ ஜிமெயில் முகவரியிலிருந்து நோட்டீஸ் அனுப்பாது. இணைப்பைப் படிக்கும்போது, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருக்கும் பெயரே அந்தத் தளத்தின் சொந்தக்காரர். முன்னால் வங்கியின் பெயர் இருந்து, கடைசியில் வேறொரு பெயர் இருந்தால் அந்தத் தளம் வங்கியுடையது இல்லை. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருப்பதால் தளம் நாணயமானது என்று ஆகிவிடாது. அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். எதிர்முனையில் திருடன் இருந்தாலும் பூட்டு இருக்கும். இந்திய வங்கிகளின் தளங்கள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் காலக்கெடு வைத்தது, இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான்.

வியாபாரிகளுக்கு வரும் ஆபத்து இன்னும் நுட்பமானது. நூல் வாங்கும் மில்லிலிருந்து வந்தது போலவே ஒரு மின்னஞ்சல் வரும். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்’ என்றிருக்கும். முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். லித்துவேனியா நாட்டுக்காரர் ஒருவர் 2013 முதல் 2015 வரை இப்படிப் போலி பில்களை அனுப்பி, கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமுமே 10 கோடி டாலருக்கு மேல் பறித்தார். கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால், ஏற்கெனவே கையில் இருக்கும் பழைய எண்ணுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். மின்னஞ்சலில் தந்திருக்கும் எண்ணுக்குச் செய்தால் திருடனே எடுத்து ‘ஆமாம்’ என்பான்.

வதந்தியும் உயிரைக் குடிக்கும்

பணம் கேட்காத பொய்ச் செய்திகளும் உண்டு. ‘இந்தக் கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும்’ என்று தபால் அட்டையில் சாமி பெயரால் வந்த மிரட்டல், 1994-இல் உலகெங்கும் ‘குட் டைம்ஸ்’ என்ற இல்லாத வைரஸைப் பற்றிய மின்னஞ்சல் எச்சரிக்கையாகச் சுற்றியது. அவற்றால் பயமும் நேர விரயமும்தான் விளைந்தன. வாட்ஸ்அப் வதந்தி அப்படி நிற்கவில்லை. 2018 மே மாதம், வடமாநிலக் கும்பல் குழந்தைகளைக் கடத்துகிறது என்ற பொய்ச் செய்தி பரவியிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து போன குடும்பத்தை ஊரார் சூழ்ந்து அடித்தார்கள். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. அதுகுறித்த வழக்கில் பீகார் யூடியூபர் ஒருவர் கைதாகி மதுரை மத்தியச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். 2024-இல் சென்னையிலும் மதுரையிலும் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்து, சோதனையில் எல்லாம் புரளி என்று தெரியவந்தது. அதற்குள் பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்படி ஒரு செய்தி கைக்கு வந்தால், யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாதவரை அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அனுப்புவதுதான் வதந்திக்குக் கால் முளைக்கவைக்கிறது.

வாடகைக்கு வங்கிக் கணக்கு

பறித்த பணம் போய்ச் சேர ஒரு கணக்கு வேண்டும். கும்பலின் தலைவர்கள் தங்கள் பெயரில் கணக்கு வைப்பதில்லை. கல்லூரி மாணவர்கள், வேலையில்லாதவர்கள், கடனில் இருப்பவர்கள் ஆகியோரிடம் சில ஆயிரம் ரூபாய் கமிஷன் கொடுத்துக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம் கார்டையும் வாங்கிக்கொள்கிறார்கள். போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்த மாணவரின் வீட்டு வாசலில்தான். தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவு 2024 டிசம்பரில் ‘ஆபரேஷன் திரைநீக்கு’ என்ற பெயரில் நடத்திய நடவடிக்கையில் 76 பேர் கைதானார்கள். கணக்கைக் கொடுத்தவரும் குற்றத்தின் பங்காளியாகவே பார்க்கப்படுவார்.

இன்னும் கொடிய முகமும் இருக்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப்போய், மியான்மர் எல்லையில் மியாவடி போன்ற இடங்களில் இளைஞர்களை அடைத்துவைத்து, இதே மோசடி அழைப்புகளைச் செய்யவைக்கிறார்கள். அப்படிச் சிக்கிய 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். வெளிநாட்டு வேலைக்கு அழைக்கும் முகவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று விசாரிக்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது.

பணம் போய்விட்டால்

முதல் வேலை 1930 என்ற எண்ணை அழைப்பது. திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து பத்துக் கணக்குகளுக்கு என்று மணிக்கணக்கில் கைமாறிக்கொண்டிருக்கும். 1930-க்குத் தகவல் போனால் அந்தந்த வங்கிக்குச் செய்தி பறந்து, வழியில் இருக்கும் பணம் முடக்கப்படும். 2021-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டால் 2025-இன் நடுப்பகுதிவரை 5,400 கோடி ரூபாய்க்கு மேல் தடுக்கப்பட்டிருக்கிறது. அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், தன் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். பரிவர்த்தனை எண் யுபிஐ செயலியிலேயே இருக்கும்.

அடுத்து வங்கியை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் நடந்த திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இருக்கக் கூடாது என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த விதி. ஓடிபியைத் தானே சொல்லியிருந்தாலும், புகார் கொடுத்த நேரத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு உண்டு.

தேசிய சைபர் குற்றத் தளத்திலும் மதுரை மாநகர சைபர் கிரைம் போலீஸிலும் புகார் பதிவு செய்யலாம். கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. வாட்ஸ்அப் உரையாடல், எண்கள், எஸ்எம்எஸ்கள் எதையும் வெட்கத்தில் அழித்துவிடக் கூடாது. அவைதான் சாட்சி. ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்’ என்று வரும் அடுத்த அழைப்பும் மோசடிதான். ஏமாந்தவர்களின் எண்களைக் கும்பல்கள் ஒன்றுக்கொன்று விற்கின்றன.

புகாரைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் அறியாமை இல்லை, அவமானம். கணவருக்குத் தெரிந்தால் திட்டுவார், மகன் ‘ஏம்மா இப்படிப் பண்ணினே’ என்பான், சங்கத்தில் சிரிப்பார்கள் என்ற பயத்தில் ஓர் இரவு கழிந்துவிடுகிறது. அந்த இரவில் பணம் நாட்டைவிட்டே போய்விடும். எனவே ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய உடன்படிக்கைகள் மூன்று. 5,000 ரூபாய்க்கு மேல் புதிய ஆளுக்கு அனுப்பும் முன் வீட்டில் ஒருவரிடம் சொல்ல வேண்டும். பயமுறுத்தும் அழைப்பு வந்தால் போனை வைத்துவிட்டு, அந்த அலுவலகத்தின் எண்ணைத் தானே தேடி அழைக்க வேண்டும். யார் ஏமாந்தாலும் முதலில் 1930-ஐ அழைத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு, திட்டுவதானாலும் பிறகுதான்.